எண்ணெய்த் தாங்கிகளும் எருமை மடியும்

திருகோணமலையைப் பற்றி எழுத வருவோர் துறைமுகத்தைப் பற்றி எழுதுவர். அதை விட்டால் சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் மாட்டுப் பட்டிகளைப் பற்றி எழுதுவோர் அரிது. தயிர்ச் சட்டியை வாங்கும்போது மட்டும் அவை நம் நினைவுக்கு வருகின்றன.

அப்பட்டிகளின் ஓசையற்ற பகை மடியழற்சி. மடி வீங்கிப் பால் திரிந்தால் எவருக்கும் தெரியும். வெளியே அடையாளம் காட்டாமல் பாலை மட்டும் குறைக்கும் உள்ளுறை வடிவமே பேரிழப்பைத் தருவது. அதைக் கண்டறிய 1957இல் கலிபோர்னியாவில் வகுக்கப்பட்ட சோதனை மிக எளியது. பாலுடன் சவர்க்காரத் தன்மையுள்ள திரவத்தைச் சேர்த்துச் சுழற்றினால், நோயுற்ற மடியின் பால் கூழாகத் தடிக்கும். உடைந்த வெண்குருதிக் கலங்களிலிருந்து வெளிப்படும் டி.என்.ஏ.தான் அதைத் தடிக்க வைக்கிறது. ஆய்வுகூடம் வேண்டியதில்லை, ஒரு கரண்டிப் பால் போதும்.

ஆனால், நோயை உண்டாக்கிய பற்றீரியா எது என்பதை அச்சோதனை சொல்லாது. ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் எனில், கறப்பவர் கைவழியே மாட்டுக்கு மாடு பரவியிருக்கலாம். நோயுற்ற மாட்டைக் கடைசியாகக் கறக்க வேண்டும். ஈ.கோலை எனில் பட்டியின் சேற்றையும் சாணத்தையும் பார்க்க வேண்டும். பெனிசிலினைச் சிதைக்கும் நொதிக்குரிய பரம்பரையலகு ஓரியஸிடம் இருந்தால், பெனிசிலின் ஊசிக்குக் கொடுத்த பணம் வீண். நம் ஊர்களிலோ ஊசி முந்துகிறது, சோதனை பிந்துகிறது.

இப்பற்றீரியாவின் வமிசாவளி வியப்புக்குரியது. மாடுகளில் உலகெங்கும் பரவிய ஒரு கிளை மனிதரிடம் தாவியிருப்பதை 2013இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதற்கு முன், 2011இல், பிரித்தானியப் பண்ணைப் பாலில் மெதிசிலினை எதிர்க்கும் 'மெக்-சீ' என்ற புதிய பரம்பரையலகு அறியப்பட்டது. பண்ணையாளரின் மருந்துப் பயன்பாடே காரணம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் 2022இல் வெளியான ஆய்வு, அவ்வகைப் பற்றீரியா மருந்துகள் வருமுன்பே முள்ளெலிகளின் தோலில் தோன்றியதைக் காட்டியது. அத்தோலில் வாழும் ஒரு பூஞ்சை பெனிசிலின் போன்ற பொருளைச் சுரக்கிறதாம்! அதற்காக நாம் ஊசியைக் கண்டபடி பயன்படுத்தலாம் என்பதில்லை. முள்ளெலியிடம் தோன்றியதை மருந்து பெருக்கும்.

கன்னொறுவையில் 1967 முதல் மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் உண்டு. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் உண்டு. திருகோணமலையிலேயே பால் மாதிரிகளை வளர்த்துப் பார்க்கும் வசதி வேண்டும். கிடைக்கும் பற்றீரியாக்களை உறைநிலையில் சேமித்து, ஆண்டுதோறும் சிலவற்றின் மரபணுத் தொடரை வாசிக்க வேண்டும். உள்ளங்கை அளவுக் கருவிகள் அதற்கு வந்துவிட்ட காலம் இது.

செலவை யார் ஏற்பது என்பர். இன்று ஏற்பவர் பட்டிக்காரரே. ஊசி போட்டபின் சில நாட்களின் பாலை அவர் கொட்ட வேண்டும். கொட்டாமல் விற்றால், மருந்து கலந்த பாலில் உறை பிடிக்காது. உறையாத சட்டிகளுக்குக் கடைக்காரர் பணம் கொடுப்பதில்லை.