சமையல் வகுப்புக்கு உள்ளூர்க் காய்கறியே ஏற்றது

விழாக் காலங்களில் வசதி குறைந்த குடும்பங்களுக்கு உணவுப் பொருள்களை வழங்குவது மலேசியத் தமிழரிடையே வேரூன்றிய நற்பழக்கமாகும். அரிசி, சீனி, கோதுமை மாவு, சமையல் எண்ணெய், சார்டின் டின் ஆகியவை அவற்றில் இடம்பெறுகின்றன. விரைவில் வாடிவிடும் என்பதால் கீரையும் காயும் பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. பசி தீர்கிறது; ஆயினும் பசி தீர்வதும் உடல்நலம் பெறுவதும் ஒன்றல்ல.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களுள் ஏறத்தாழ 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 31 விழுக்காட்டை எட்டியது. எனவே, ஆலய மண்டபங்களிலும் சமூக மண்டபங்களிலும் சமையல் வகுப்புகள் நடத்தப்படுவது வரவேற்கத்தக்கதே. ஆனால், அங்குக் கற்பிக்கப்படுவது எது என்பதே கேள்வி. ஆலிவ் எண்ணெயும் ஓட்ஸும் கொண்டு செய்து காட்டப்படும் பதார்த்தம், மாதம் முடியுமுன் சம்பளம் தீர்ந்துவிடும் வீட்டுக்கு எவ்வாறு பயன்படும்?

வகுப்பு அருகிலுள்ள விவசாயியின் பாத்தியிலிருந்து தொடங்குதல் வேண்டும். கங்கோங், பசலை, முருங்கைக்கீரை, வெண்டை, கத்திரி, பயற்றங்காய், பூசணி ஆகியவை இந்த மண்ணில் ஆண்டு முழுவதும் விளைபவை. விவசாயிகள் நேரடியாக விற்பதற்கென 1985ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பாசார் தானி சந்தைகள் இன்று பல ஊர்களில் கூடுகின்றன. வகுப்பில் சமைத்த அதே காயை மறுவாரம் அங்கு வாங்க இயலுமானால், கற்றது வீட்டு அடுப்பிலும் வேகும்.

இது புதுமையான கருத்தன்று. தோட்டப்புற லயங்களில் வீட்டின் பின்புறம் முருங்கையும் வாழையும் மரவள்ளியும் நின்றன. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் அரிசி கிட்டாதபோது, மரவள்ளிக்கிழங்கே பல உயிர்களைக் காத்தது. தோட்டங்களை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறியபோது மண் கைவிட்டுப் போயிற்று. சமைக்கும் அறிவு பாட்டிமாரிடம் இன்னும் எஞ்சியுள்ளது. உணவியல் வல்லுநரோடு அவர்களையும் ஆசிரியர்களாக அமர்த்தலாமே!

கீரை சமைக்கவும் வகுப்பு தேவையா எனச் சிலர் வினவலாம். தொழிற்சாலையிலிருந்து இரவு ஏழு மணிக்குத் திரும்பும் தாய்க்குக் கீரை ஆய்வதே பெரும்பாடு. ஒற்றை அடுப்பில் அரைமணி நேரத்தில் முடிப்பது எப்படி, கீரையை இரண்டு நாள் வாடாமல் வைப்பது எப்படி, காய் வேண்டாம் என அடம்பிடிக்கும் பிள்ளைக்கு அதை ஊட்டுவது எப்படி என்பவையே பாடமாதல் வேண்டும். கிழங்கு சோற்றுக்குத் துணையன்று, மாற்று என்பதையும் எடுத்துரைத்தல் அவசியம். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு எனும் சுகாதார அமைச்சின் அளவை ரசத்தோடும் கீரைக் கூட்டோடும் பின்பற்ற முடியும். கணவன்மாரும் இளைஞரும் உடன் பயிலுதல் நன்று.

விவசாயியிடம் காய்கறியை நன்கொடையாகக் கேட்டல் முறையன்று. அவரும் பிழைக்க வேண்டியவரே. நியாயமான விலை கொடுத்து வாங்கி, வகுப்பு முடிந்ததும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இரண்டு நாளைக்குரிய காயைக் கொடுத்தனுப்பலாம். உணவுப் பொருள்களுக்கு உபயம் அளிக்கும் அன்பர்கள், அதில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்க முன்வருதல் வேண்டும். கொடுத்த அரிசி ஒரு மாதத்தில் தீரும்; கற்றுக்கொண்ட சமையல் அந்தக் குடும்பத்தோடு நிலைத்திருக்கும்.