அஃப்ளுயென்ட்டா, எஃப்ளுயென்ட்டா?

நெட்ல 'லெதர் பெல்ட்'னு தேடிப் பாருங்க. இடுப்புல கட்டுறதுதான் வரிசையா வரும். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடின்னு பாலாற்றுப் பக்கமா நீளுற நம்ம பெல்ட் வராது. இது சிரிச்சிட்டுப் போற குழப்பம். சிரிக்க முடியாத சில குழப்பங்களும் நம்ம ஊர்ல இருக்கு.

பிளேஸ்மென்ட் ட்ரெய்னிங்ல 'குழப்பும் ஆங்கிலச் சொற்கள்'னு ஒரு ஷீட் கொடுப்பாங்க. எல்லா ஊர்லயும் அதே அஃபெக்ட், எஃபெக்ட்தான். ஆப்டிட்யூட் டெஸ்ட்ல ஒரு மார்க் வரும், சரி. ஆனா இந்தப் பகுதியில வேலை பார்க்கப் போறவங்களுக்குத் தனி ஷீட் தேவைன்னு நினைக்கிறேன். மாடு, எருமை மாதிரி பெரிய விலங்கோட தோல் 'ஹைட்', ஆடு மாதிரி சின்னதோட தோல் 'ஸ்கின்'. இது உங்க அப்பாவோ மாமாவோ டேனரியில இருந்தா அவங்களுக்கே தெரியும், நம்ம இங்கிலீஷ் புத்தகத்துக்குத்தான் தெரியாது. இதுல தப்பு பண்ணினா ஆர்டர்தான் தப்பாப் போகும். கீழே சொல்றதுல தப்பு பண்ணினா ஊரே பாதிக்கும்.

முதல்ல அஃப்ளுயென்ட், எஃப்ளுயென்ட். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்ல இது ரெண்டும் மாறி வர்றது சர்வசாதாரணம். ஸ்பெல் செக்கும் பிடிக்காது, ரெண்டுமே சரியான சொல்லாச்சே. ரெண்டுக்கும் வேர் லத்தீன்ல 'பாய்தல்'ங்கிற ஒரே வினைச்சொல். 'ஏ'ல ஆரம்பிச்சா உள்நோக்கிப் பாயுறது. செல்வம் பாய்ஞ்சு வந்தவர் அஃப்ளுயென்ட், அதாவது பணக்காரர். ஒரு ஆற்றுல வந்து சேர்ற துணையாறுக்கும் அதே பேர் உண்டு. அந்தக் கணக்குல பொன்னையாறும் செய்யாறும் பாலாற்றோட அஃப்ளுயென்ட். 'ஈ'ல ஆரம்பிச்சா வெளியே பாயுறது, நமக்கு நல்லாத் தெரிஞ்ச கழிவுநீர். இன்னொரு சிக்கல் பாருங்க. டேனரியோட எஃப்ளுயென்ட், பைப் தாண்டிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குள்ள நுழைஞ்சதும் அந்த நிலையத்தோட 'இன்ஃப்ளுயென்ட்' ஆயிடும். தண்ணி அதேதான், நீங்க எங்க நிக்கிறீங்கங்கிறதைப் பொறுத்துப் பேர் மாறுது. அதனால ரிப்போர்ட்ல ஒரு டிடிஎஸ் அளவு இருந்தா, அது எந்த இடத்துல எடுத்த சாம்பிள்னு கேக்காம நம்பாதீங்க.

அடுத்தது 'ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்'. பேச்சு வழக்குல நடுவுல இருக்கிற 'லிக்விட்' காணாமப் போயி, 'இங்கேர்ந்து எதுவும் வெளியே போறதில்ல'ன்னு ஆயிடுது. அந்த மூணு சொல்லுல உயிரான சொல்லே அதுதான். பச்சைத் தோல் அழுகாம இருக்க உப்பு போடுறாங்க. தோலைக் கழுவும்போது அந்த உப்பு தண்ணியில இறங்குது. ஆர்.ஓ.வுல நல்ல தண்ணியைப் பிரிச்ச பிறகு மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கினா, உப்பு குவியலா நிக்கும். பக்கத்துல ஸ்லட்ஜ் வேற. திரவம் ஜீரோ, திடப்பொருள் ஜீரோ இல்ல. 2015 ஜனவரி 31 அன்னைக்கு ராணிப்பேட்டையில ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோட ஸ்லட்ஜ் தொட்டிச் சுவர் இடிஞ்சு, பக்கத்து டேனரியில தூங்கிட்டிருந்த 10 பேர் இறந்தாங்க. 'லிக்விட்'டை மட்டும் எண்ணினா இப்படி ஒரு தொட்டி நம்ம கண்ணுக்கே தெரியாது.

மூணாவதை நம்ம ஊர் வழக்குதான் நாட்டுக்கே சட்டமாக்கிச்சு. வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் போட்ட வழக்குல 1996 ஆகஸ்ட் 28 அன்னைக்கு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவங்க எல்லாரும் இந்தத் தீர்ப்பைப் படிச்சாகணும். 'பொல்யூட்டர் பேஸ் பிரின்சிபிள்' இந்தியச் சட்டத்தோட பகுதின்னு அதுல சொன்னாங்க. (கடைசிச் சொல்லை நம்ம காலேஜ் பிரின்சிபால் ஸ்பெல்லிங்ல எழுதிடாதீங்க, காசு அவர் கட்ட மாட்டார்.) இதை 'காசு கட்டிட்டா அசுத்தம் பண்ணலாம்'னு புரிஞ்சிக்கிறவங்க நிறைய. நேர் எதிர் அர்த்தம். பாதிக்கப்பட்டவங்களுக்கு இழப்பீடும் கொடுக்கணும், கெட்டுப்போன மண்ணையும் தண்ணியையும் மீட்கிற செலவையும் ஏத்துக்கணும்.

இங்கதான் 'டேமேஜ்', 'டேமேஜஸ்' வருது. பின்னது முன்னதோட பன்மை இல்லங்க. டேமேஜ்னா சேதம். டேமேஜஸ்னா சேதத்துக்காகச் சட்டப்படி வாங்குற பணம். அந்தத் தீர்ப்புலயே பதிவான கணக்குப்படி, டேனரிகள் இருக்கிற பகுதியில கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ சாகுபடிக்கு ஆகாமப் போச்சு. அது டேமேஜ். அதுக்கப்புறம் அமைச்ச ஆணையம் 2001ல வேலூர் மாவட்டத்துல 29,193 குடும்பங்களுக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடுன்னு முடிவு பண்ணிச்சு. வகுத்துப் பாருங்க, ஒரு குடும்பத்துக்குச் சராசரியா 9,200 ரூபாய்கூட வரல. கிணறு உப்பாகி நிலம் விட்டவங்களுக்கு.

'அதெல்லாம் செட்டில் ஆயிடுச்சே'ன்னு நம்ம ஹாஸ்டல்லயே சொல்வாங்க. தோல் தொழில் வேண்டாம்னு நான் சொல்லல, இந்த காலேஜ்ல பாதிப் பேரோட ஃபீஸ் அதுல இருந்துதான் வருது. ஆனா செட்டில் ஆனது டேமேஜஸ், அதுவும் முழுசா இல்ல. வழக்கு திரும்ப உச்ச நீதிமன்றத்துக்குப் போயி, 2025 ஜனவரி 30 அன்னைக்குப் புதுத் தீர்ப்பு வந்திருக்கு. பாக்கி இழப்பீட்டை அரசு முதல்ல கொடுத்துட்டு, மாசுபடுத்தினவங்ககிட்ட வசூலிக்கணும்னு அதுல உத்தரவு. சூழலுக்கு நடந்த சேதம் சரியாகிற வரைக்கும் அவங்க பொறுப்பு தீராதுன்னும் சொல்லியிருக்காங்க.