எதை முதலில் பார்ப்பது?

ஒருவருக்கு ஒரு கலையில் மெய்யான ஈடுபாடு உண்டா என்பதை அறிய எளிய வழியொன்றுண்டு. அவர் தம்மையொத்த ரசிகரிடம் என்ன வினவுகிறார் என்று கவனித்தால் போதும். சங்கீத ரசிகர் இருவர் கூடினால் இராகத்தையும் பாணியையும் பற்றிக் கேட்டுக்கொள்வர். தெஹியோவிட்டையிலும் அதனைச் சூழ்ந்த இறப்பர்த் தோட்டங்களிலும் இந்நாளில் இளைஞர் இருவர் கூடினால் எழும் வினாக்கள் வேறு: “எதை முதலில் பார்ப்பது? எந்த வரிசையில் பார்ப்பது? ஜப்பானியக் குரலிலா, தமிழ்க் குரலிலா? எந்த அத்தியாயங்களைத் தள்ளிவிடலாம்?” இவையனைத்தும் ‘அனிமே’ எனப்படும் ஜப்பானியச் சித்திரப் படங்களைப் பற்றியவை.

பெற்றோர் பலருக்கு இப்பேச்சு உவப்பதில்லை. “சார், வீட்டில் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான், கூட்டாளி வந்தால் மட்டும் இந்தப் பொம்மைப் படத்தைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறான்” என்று தந்தையொருவர் நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் வருத்தம் நியாயமானதே. ஆயினும் மகன் அப்படி என்னதான் பேசுகிறான் என்பதை அவர் செவிமடுத்ததில்லை. அவர் பொருட்டு நாம் அதனைச் சிறிது ஆராய்வோம்.

முதலாவது, வரிசை பற்றிய வினா. ‘ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்’ என்னும் கதை இரு தொடர்களாக வந்துள்ளது. 2003ஆம் ஆண்டில் முதற்றொடர் வெளிவந்தபோது, ஹிரோமு அரகாவா என்னும் பெண்மணி எழுதி வரைந்துவந்த மூலச் சித்திரக்கதை முடிவுறவில்லை. ஆகவே அத்தொடர் நடுவழியிற் பிரிந்து தனக்கென ஒரு முடிவை அமைத்துக்கொண்டது. 2009இல் தொடங்கிய இரண்டாவது தொடர் மூலக்கதையின் வழியே சென்றது. எதை முதலிற் பார்ப்பது என்று இளைஞர் வாதிடுவது, மூலநூல் எது, வழிநூல் எது என்று புலவர் வாதிடுவதற்கு ஒப்பானதன்றோ?

இரண்டாவது, தள்ளத்தக்கது எது என்னும் வினா. ஜப்பானில் சித்திரக்கதைகள் பெரும்பாலும் இதழ்களிற் சிறுசிறு பகுதிகளாக வருகின்றன. படத் தொடரும் வாரந்தோறும் ஓடுமாயின், விரைவில் மூலக்கதையை எட்டிப் பிடித்துவிடும். அப்பொழுது கதையை நிறுத்தி வைக்கவேண்டி, மூலத்திலில்லாத நிகழ்ச்சிகளைப் புனைந்து நிரப்புவர். இளைஞர் இதனை ‘ஃபில்லர்’ என்பர். 2002 முதல் 2007 வரை ஓடிய ‘நருட்டோ’வின் முதற்றொடரில் 220 அத்தியாயங்கள், அவற்றுள் இறுதி எண்பதுக்கு மேற்பட்டவை பெரும்பாலும் இவ்வாறு நிரப்பப்பட்டவையே. இவை வேண்டுமா, வேண்டாவா என்று அவர்கள் கேட்கின்றனர். கம்பராமாயணப் பதிப்பாசிரியர்களும் இவ்வினாவையே கேட்டனர். பின்னாளிற் புகுந்தவை என அவர்கள் கருதிய செய்யுள்களை ‘மிகைப் பாடல்கள்’ எனப் பிரித்துத் தனியே அச்சிட்டனர். உத்தரகாண்டம் கம்பருடையதன்று, ஒட்டக்கூத்தருடையது என்பது நெடுங்கால வழக்கு. இது பாடபேத ஆராய்ச்சி என்பதை அறியாமலே நம் பிள்ளைகள் அதனைச் செய்துகொண்டிருக்கின்றனர்.

மூன்றாவது, குரல் பற்றிய வினா. மூலக் குரலைக் கேட்டவண்ணம் அடியில் ஓடும் எழுத்துக்களை வாசிப்பதா, தமிழில் டப்பிங் செய்ததைக் கேட்பதா? 2025 செப்டெம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ என்னும் படம் இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலோடும் வெளிவந்தபின் இவ்வாதம் மேலும் வலுத்தது. நடிகரின் மூச்சும் தழுதழுப்பும் மூலத்தில்தான் உண்டு என்பார் கூற்றில் உண்மையுண்டு. எனினும் நல்ல மொழியாக்கம் மூலத்தின் நிழலன்று. நம் நாட்டிலேயே டைட்டஸ் தொட்டவத்த அவர்கள், 1982இல் ஆரம்பமான ரூபவாஹினியில், வெளிநாட்டுச் சித்திரப் படங்களுக்குச் சிங்களக் குரலை மட்டுமன்றிச் சிங்கள வழக்கையும் நகைச்சுவையையும் ஊட்டி அவற்றைத் தம்மவர் சொத்தாக்கினார். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்குகிறான்; கம்பரிலோ பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். தமிழர் உள்ளம் தாங்கக்கூடியது எது என்று கம்பர் அறிந்திருந்தார். தமிழ்க் குரல் கொடுப்போர் அவ்வறிவில் ஒரு சிறு துளியேனும் பெற்றிருத்தல் வேண்டும் என்பதே நம் விடை.

நான்காவது, “முடிவைச் சொல்லிவிடாதே” என்னும் வேண்டுகோள். இங்கு மாத்திரம் நாம் இளைஞரோடு சற்றே மாறுபடுகிறோம். மாசி மாதத்தில் நம் தோட்டங்களில் நடைபெறும் காமன் கூத்தைக் காண வருவோர் யாவரும், மன்மதன் எரிவான் என்பதை அறிந்தே வருகின்றனர். அறிந்தும் விடியுமட்டும் விழித்திருக்கின்றனர்; இரதியின் புலம்பலுக்குக் கண்கலங்குகின்றனர். முடிவு தெரிந்ததும் சுவை கெடுமாயின், அது முடிவை மட்டுமே நம்பிய கதையென அறிக.

ஐந்தாவது, “இது சிறுவருக்கு உரியதுதானே?” என்பது. இதனைக் கேட்போர் பெரும்பாலும் பெரியவர்கள். 1988ஆம் ஆண்டு ஏப்பிரில் 16ஆம் திகதி, ஜப்பானில் இரு சித்திரப் படங்கள் ஒரே நுழைவுச்சீட்டில் இணைத்துத் திரையிடப்பட்டன. ஒன்று, ஹயாவோ மியசாக்கியின் ‘எனது அயலவன் டோட்டோரோ’: காட்டுத் தேவதையொன்றைக் காணும் இரு சிறுமியரின் களிப்பு. மற்றையது, இசாவோ டக்காஹாட்டாவின் ‘மின்மினிகளின் கல்லறை’: 1945இல், குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் மாளும் துயரம். இரண்டும் கோட்டோவியங்களே, இரண்டும் ஒரே நிலையத்தின் படைப்புக்களே. ஆதலின், வரையப்பட்டது என்பதனாலேயே ஒரு படம் குழந்தைகளுக்குரியதாகிவிடாது. இவ்வுண்மை பெற்றோருக்கு எச்சரிக்கையுமாகும். கொடூரமும் முதிர்ந்தோருக்கே உரிய காட்சிகளும் நிறைந்த தொடர்களும் அழகிய கோடுகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. வயதுக் குறிப்பைப் பாராமற் பிள்ளையின் கையிற் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிட்டு அகல்வது தகாது. பரீட்சைக் காலத்தில் இரவெல்லாம் விழித்துப் பார்ப்பதும், குடும்பம் முழுமைக்குமுள்ள ஒரே தொலைபேசியின் டேட்டாவை ஒருவனே தீர்த்துவிடுவதும் நாம் ஒப்பக்கூடியன அல்ல.

எனினும் தடைவிதித்தலோடு நம் கடமை முடிந்துவிடுமா? வகுப்பிலே, “இராமன் மறைந்து நின்று வாலியைக் கொன்றது தகுமா?” என்று நாம் கேட்டால், மாணவர் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டுகின்றனர். தாம் விரும்பும் தொடரின் நாயகன் பழிவாங்கியது தகுமா என்று கேட்டாலோ, கடைசி வாங்கிலிருப்பவனும் எழுந்து நியாயம் பேசுகிறான். விமரிசனம் செய்யும் ஆற்றல் அவனிடம் இல்லாமலில்லை. பரீட்சைக்கு விடை எழுதுவதற்கல்லாது, தானே வினவி மகிழ்வதற்கும் இலக்கியம் உரியது என்பதை நாம் அவனுக்குக் காட்டவேண்டும். அதைச் செய்யாது விட்டால், வீட்டில் ஒரு மௌனமும் வகுப்பில் ஒரு மௌனமுமாக அவன் வளர்வான்.

இவ்விரு உலகங்களுக்கும் பாலமாக ஒரு படம் ஏற்கெனவே உண்டு. 1983ஆம் ஆண்டளவில், அகழ்வாராய்ச்சி பற்றிய விவரணப் படமொன்றுக்காக இந்தியாவுக்குச் சென்ற யூகோ சாக்கோ என்னும் ஜப்பானியர் இராமகாதையிற் பெரிதும் ஈடுபட்டார். ராம் மோகன், கோயிச்சி சசாக்கி ஆகியோருடன் இணைந்து அவர் ஆக்கிய இராமாயணச் சித்திரப் படம் 1993 ஜனவரியில் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. கையாற் கோடிழுத்து வர்ணந் தீட்டிய அப்படம், 2025 ஜனவரி 24ஆம் திகதி இந்தியத் திரையரங்குகளில் மீண்டும் வெளிவந்தபோது தமிழிலும் பேசியது. தெரணியகலைப் பக்கமிருந்து இறங்கி அவிசாவளையை நோக்கிப் பாயும் நம் ஆற்றுக்குச் சீதாவாக்கை என்று பெயர். சீதையின் நினைவை அப்பெயரோடு இணைத்துப் பேசுவது இப்பகுதி மக்களின் வழக்கம். அவ்வாற்றங்கரையில் வாழும் பிள்ளைக்கு, அவன் விரும்பும் கலையின் வழியாகவே சீதையின் கதை திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே பெற்றோர்களே, “எதை முதலில் பார்ப்பது?” என்று உங்கள் மகனோ மகளோ எங்கேனும் கேட்பது காதில் விழுந்தால், இதனையே முதலிற் பார்ப்போம் என்று கூறுங்கள்; கூறிவிட்டு நீங்களும் அருகே அமருங்கள். பார்த்து முடிந்தபின் நீதியுரைக்க வேண்டா. “உனக்கு யாரைப் பிடித்தது? ஏன்?” என்று மட்டும் கேளுங்கள். அந்த ‘ஏன்’ என்பதற்கு அவன் சொல்லும் மறுமொழியைப் பொறுமையோடு இறுதிவரை கேளுங்கள்.