பறவைக்குப் பட்டா கிடையாது

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காங்கயம், மூலனூர், தாராபுரம் பக்கத்துச் சாலைகளில் இப்போதெல்லாம் புதிதாக ஒரு கூட்டத்தைப் பார்க்கிறோம். காரை ஓரங்கட்டிவிட்டு, முழங்கை நீள லென்ஸ் மாட்டிய கேமராவைத் தூக்கிக்கொண்டு, கிளுவை வேலியை எட்டி எட்டிப் பார்த்தபடி நடக்கிறார்கள். கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள். டாக்டர், என்ஜினியர், பனியன் கம்பெனி வைத்திருப்பவர், ரிட்டயர்டு வாத்தியார் என்று எல்லாத் தரப்பும் உண்டு. முதலில் ஆடு திருட வந்தவர்களோ என்று சந்தேகப்பட்டோம். பிறகு டீ கொடுத்தோம். இப்போது அவர்களே பணம் தருகிறேன் என்கிறார்கள். அந்தப் பணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அவர்கள் நம்மிடம் வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. விஷம் அடிக்காத காட்டில் பூச்சி இருக்கும். பூச்சி இருந்தால் பஞ்சுருட்டான் வரும், பனங்காடை வரும், கரிச்சான் மாட்டு முதுகில் உட்காரும். எங்கள் பகுதியில் கொரங்காடு என்று ஒன்று உண்டு. வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: கொளுக்கட்டைப் புல், ஊடே ஊடே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை உயிர்வேலி. காங்கயம் மாட்டை வளர்த்தது இந்த மேய்ச்சல் நிலம்தான். உழவே ஓட்டாத மண் என்பதால் கவுதாரி, வானம்பாடி, ஆட்காட்டி எல்லாம் தரையிலேயே முட்டை வைக்கும். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயம் ஆகி, 2024இல் ராம்சார் பட்டியலிலும் ஏறிய பிறகு அங்கே கூட்டம் கூடிவிட்டது. வித்தியாசமான படம் வேண்டும் என்கிறவர்கள் அடுத்தபடியாகக் கொரங்காட்டைத் தேடி வருகிறார்கள்.

கேரளத்தில் கோதமங்கலம் பக்கம் தட்டேக்காடு என்று ஒரு ஊர். 1983இல் அறிவித்த பறவைகள் சரணாலயம், சலீம் அலி பெயரில் இருக்கிறது. அங்கே உள்ளூர்க்காரர்கள் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் வைத்து, மறைவிடம் கட்டி, படமெடுக்க வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எனக்கும் ஆசை வந்தது. முப்பத்து நாலு வருஷம் பேங்கில் அடுத்தவர் திட்ட அறிக்கையைப் படித்தவன், எனக்கு ஒன்று போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மூங்கில், பச்சை நிழல்வலை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, தரையோடு ஒரு சிமெண்ட் தொட்டி, ஆக மொத்தம் 6,800 ரூபாய். ஆளுக்கு 500 ரூபாய் வாடகை. கார்த்திகையில் ஆரம்பித்துப் பங்குனி முடிவதற்குள் 27,500 வந்துவிட்டது. மூணு ஏக்கர் எள்ளு எனக்கு அந்த வருஷம் அவ்வளவு தரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

சித்திரையில் ஒரு ஞாயிறு. மூன்று பேர் வந்தார்கள். தொட்டிப் பக்கம் மறைவிடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் பேச்சு. போகிற வழியில் ஆட்காட்டிக் கூட்டைப் பார்த்துவிட்டார்கள். கூடு என்ன கூடு, நாலு சரளைக் கல்லுக்கு நடுவில் நாலு முட்டை, அவ்வளவுதான். பத்தடி தள்ளி ஸ்டாண்டை நட்டு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டு வரைக்கும் எழுந்திருக்கவில்லை. பறவை கத்திக்கொண்டே சுற்றியது. எனக்கு வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டது. கீரியோ நாயோ வந்திருக்கும், போய்விடும் என்று நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆட்காட்டி வெயில் காலத்தில் முட்டையின் மேல் உட்காருவது சூடு கொடுக்க மட்டுமல்ல, சூட்டிலிருந்து காப்பாற்றவும்தான். பக்கத்துத் தண்ணீரில் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடி வந்து முட்டையின் மேல் உட்காரும். நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் சரளை மண் என்ன சூடு கொதிக்கும் என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூன்று மணி நேரம் அந்த முட்டைகள் மூடாமல் கிடந்தன.

சாயங்காலம் பறவை வந்து உட்கார்ந்தது. அதற்குப் பிறகும் இருபது நாளுக்கு மேல் உட்கார்ந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. வெயில்தான் காரணம் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது. ஆனால் எங்கள் ஆடு மேய்க்கும் அம்மா ஒன்று கேட்டார்: “ஏனுங்க சார், அது முட்டை வெச்ச நாள்ல இருந்து நான் ஆட்டையே அந்தப் பக்கம் திருப்பலீங்க. நீங்க ஆளக் கொண்டாந்து உட்கார வெச்சுட்டீங்களே?” எனக்குப் பதில் வரவில்லை. அவர்கள் எனக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தார்கள். துல்லியமான படம், மறுக்கவில்லை. வாயைத் திறந்தபடி முட்டையை நோக்கி ஓடி வருகிற பறவை. கீழே ‘தாய்மை’ என்று தலைப்பு.

அன்றைக்கு வாங்கிய 1,500 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று யோசித்தேன். கொடுக்கவில்லை. தவறு அவர்களுடையது மட்டுமல்ல, அதனால்தான். எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லாமல் வாடகை வாங்கியவன் நான். அடமானச் சொத்தைப் போய்ப் பார்க்காமலே கடன் கொடுக்கிற மேனேஜர் மாதிரி நடந்துகொண்டேன்.

படம் எடுப்பதே தப்பு என்று சொல்லும் நண்பர்கள் நம் இயக்கத்திலேயே இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. நம் மா. கிருஷ்ணன், எழுத்தாளர் மாதவையாவின் மகன், கருப்பு வெள்ளையிலேயே காட்டு யானையையும் காட்டெருமையையும் படம் எடுத்தவர். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஆங்கிலப் பத்திரிகையில் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதியவர். நடந்தும் யானை மேல் ஏறியும் காடு பார்த்த மனிதர். படமும் எழுத்தும் காட்டுக்கு ஆள் சேர்க்கும் என்பதற்கு அவர் ஒருவரே போதும். அதுவும் போக, தோட்டத்துக்கு நாலு காசு வருகிற வழியை வேண்டாம் என்று சொல்கிற நிலைமையில் நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்?

ஆனால் எதற்குக் காசு வாங்குகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். பறவைக்குப் பட்டா கிடையாது. என் தொட்டியில் தண்ணீர் குடிக்கிற பனங்காடை, பக்கத்துத் தோட்டத்து மொட்டைப் பனையில் குஞ்சு பொரிக்கிறது. அந்தப் பனையை வெட்டாமல் விட்டவர் அவர். வாடகை வாங்குகிறவன் நான். என் கடவைத் தாண்டி வந்தவர்கள் படலைச் சாத்தாமல் போனதால் மாடு மேய்ந்தது அவருடைய சோளத்தில். இந்தக் கணக்கு ஐந்தொகையில் பொருந்தாது. இப்போது ஆளுக்கு 500 வாங்கினால் அதில் 100 அவருக்கு. முதலில் “எதுக்குங்க மாமா இது, குருவிக்கெல்லாமா காசு?” என்று சிரித்தார். இரண்டாவது மாதம் பனையைச் சுற்றி முள் போட்டு வைத்திருந்தார்.

உழவனும் பறவையும் கணக்குப் பார்த்து உறவு வைத்துக்கொள்வது புதுசு ஒன்றுமில்லை. வேடந்தாங்கலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் முறையிட்டு, 1798இல் பாதுகாப்பு உத்தரவு வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்குத் தெரியும். நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்திலும் எச்சம் படிந்த குளத்து வண்டலை அள்ளி வயலுக்குப் போடுகிறார்கள். ஊருக்குள் வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் விரட்டுவதில்லை. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிறார்கள். இவர்களும் பறவையால் பலன் பெற்றவர்கள்தான். பறவை தானாகக் கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் போட்டிருக்கும் கட்டுப்பாடும் இதையொட்டித்தான். தண்ணீர்த் தொட்டி சரி, பறவை தாகத்துக்குத் தானாக வருகிறது, தானாகப் போகிறது. கூட்டருகே எந்தக் கேமராவும் கிடையாது, எவ்வளவு தூரம் என்ற பேரமும் கிடையாது. 1972ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’ என்ற சொல்லுக்குக் கொடுத்த விளக்கத்திலேயே காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் வாசித்துக் காட்டிவிடுகிறேன். படித்தவர்கள்தான், பலருக்குத் தெரியவில்லை. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்க விட்டு அழைப்பதும் கூடாது. வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக் குஞ்சுக்கு இரை தேட வேண்டிய பறவை சண்டைக்கு வந்து நிற்கும். அதைத்தான் ‘நல்லா போஸ் கொடுக்குது’ என்கிறார்கள். ஆந்தைக்கு எலியைக் கட்டிவைத்து எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அவரை டீயோடு அனுப்பிவிட்டேன்.

இன்னொன்று, படத்தைப் போடும்போது ஊர் பெயர், இடக்குறி போடக்கூடாது. நட்சத்திர ஆமைக்கும் மண்ணுளிப் பாம்புக்கும் கள்ளச் சந்தை இருக்கிற நாடு இது. நம் காட்டில் எது இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டியதில்லை. அந்தப் படத்தைக் காலண்டருக்கோ கம்பெனிக்கோ விற்றால் என்ன என்கிறீர்களா? விற்கட்டும். பொழுதுபோக்காக இருந்தவரை நான் கேட்கவில்லை. வியாபாரமாகிவிட்டால் அந்த மண்ணை விஷம் இல்லாமல் வைத்திருப்பவனுக்கும் ஒரு பங்கு உண்டு, முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கலை, இயற்கை என்று பேசுகிறவர்கள் காசுப் பேச்சு வந்ததும் முகம் சுளிப்பார்கள். பழகிக்கொள்ளலாம்.

மயில் விஷயம் மட்டும் எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. நிலக்கடலையைக் கிளறிக்கொண்டிருந்த மயிலை விரட்டப் போனேன். “சார் சார், ஒரு நிமிஷம், தோகை விரிக்கப் போகுது” என்று கையைக் காட்டி நிறுத்தினார் ஒருவர். விரிக்கவும் செய்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை கடலை என்று பில் போடத் தெரியவில்லை.

இப்போது பங்குனி பிறந்தால் கொரங்காட்டுக் கடவில் படலைக் கட்டிவிடுகிறேன். ஆடிக்குப் பிறகுதான் அவிழ்ப்பது. ஐந்து மாதம் வாடகை போகிறது, போகட்டும். போன வாரம்கூட ஒருவர் கூப்பிட்டார், இரண்டு மடங்கு தருகிறேன், ஒரு காலை மட்டும் விடுங்கள் என்று. ஆவணியில் வாங்க என்றேன். ஆட்காட்டி இந்த வருஷம் பழைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, வெள்வேல மர நிழல் படாத இடமாகப் பார்த்து மூன்று முட்டை வைத்திருக்கிறது. ஆடு மேய்க்கும் அம்மாதான் வந்து சொன்னார். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.