தாத்தா போட்டோவோடு சலூனுக்குப் போங்கள்!

எல்லா வீட்டு ஆல்பத்திலும் அப்படி ஒரு படம் இருக்கும். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஒரு பக்கம் பூச்சாடி, பின்னால் திரைச்சீலை, நடுவில் விறைப்பாக நிற்கும் தாத்தா. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓர வகிடு. ஒரு முடிகூட இடம் மாறியிருக்காது. ‘அந்தக் காலத்துலயே தாத்தா இவ்ளோ ஸ்டைலா?’ என்று பேரன் அதைப் போனில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறான். பிறகு அதே போனில் ஒரு ஹாலிவுட் நடிகரின் படத்தைத் தேடி எடுத்துக்கொண்டு சலூனுக்குப் போகிறான்.

தவறு அங்கேதான் தொடங்குகிறது.

பழைய காலத்து ஹேர்ஸ்டைல்கள் சில வருடங்களாகவே மறுபடியும் மவுசு பெற்றிருக்கின்றன. 2007-ல் தொடங்கிய ‘மேட் மென்’ தொடர் 1960-களின் ஓர வகிட்டையும், 2013-ல் தொடங்கிய ‘பீக்கி பிளைண்டர்ஸ்’ தொடர் முதல் உலகப் போருக்குப் பிந்தைய அண்டர்கட்டையும் இளைஞர்களுக்கு அறிமுகப்படுத்தின. நெற்றிக்கு மேல் முடியை அலை மாதிரி தூக்கிப் பின்னால் வாரும் ‘பாம்படோர்’ இன்னும் பழசு. 18-ம் நூற்றாண்டு பிரான்ஸில், மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலியாக இருந்த மேடம் டி பாம்படோரின் பெயர்தான் அதற்கு. 1950-களில் எல்விஸ் பிரெஸ்லி அதை ஆண்களின் அடையாளமாக்கினார்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆசை புதிதல்ல. ‘கிராப்பு’ என்ற சொல்லே ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்பு வைத்துக்கொண்டதற்காக வீட்டில் திட்டு வாங்கிய தலைமுறை உண்டு. தோள் வரை புரளும் முடியோடு எம்.கே.தியாகராஜ பாகவதர் திரையில் வந்தபோது, அதற்கு ‘பாகவதர் கிராப்பு’ என்று ஊரே பெயர் வைத்தது.

சரி, நடிகர் படத்தைக் காட்டினால் என்ன தவறு? படத்தில் இருப்பது அவருடைய முடி. வெட்டப்போவது உங்களுடைய முடி. அடர்த்தி, சுருள், நெற்றியின் அளவு, உச்சியில் சுழி இருக்கும் இடம் எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும். எல்விஸின் கன்னங்கரேல் முடிகூட இயற்கையானது அல்ல, சாயம் பூசியது.

தாத்தாவின் முடி அப்படியில்லை. அதில் ஒரு பங்கு உங்கள் தலையிலும் இருக்க வாய்ப்பு அதிகம். முடியின் தன்மையும், நெற்றி ஏறும் விதமும் பெரும்பாலும் பரம்பரையாக வருபவை. ‘வழுக்கை அம்மா வழியில்தான் வரும்’ என்று சொல்வது பாதி உண்மைதான். அதற்கான முக்கியமான மரபணு ஒன்று தாய் வழியில் வருகிறது. ஆனால், தந்தை வழியிலும் பல மரபணுக்கள் சேர்கின்றன. எனவே அப்பாவைப் பெற்றவர், அம்மாவைப் பெற்றவர் என இரண்டு தாத்தாக்களின் இளவயதுப் படங்களையும் பாருங்கள். யாருடைய முடி உங்களுடையதைப் போல இருக்கிறதோ, அவருக்கு எந்த ஸ்டைல் பொருந்தியது என்று கவனியுங்கள். அந்தப் படத்தைச் சலூனில் காட்டுங்கள்.

படத்தோடு நாலு வார்த்தை பேசவும் வேண்டும். ‘பழைய ஸ்டைல்ல வெட்டுங்கண்ணா’ என்று மட்டும் சொன்னால், பக்கவாட்டில் மிஷினைப் போட்டு ஒரே வழியாக மழித்துவிடக்கூடும். ‘சைடும் பின்னாடியும் ஒரேயடியா ஒட்ட வேணாம். கீழே கம்மியா ஆரம்பிச்சு, மேலே போகப் போக கூடணும். சீப்பு வெச்சு கத்திரியால வெட்டுங்க’ என்று சொல்லுங்கள். மிஷின்தான் என்றால் நம்பரைச் சொல்லுங்கள். நம்பர் 1 என்றால் சுமார் 3 மில்லிமீட்டர், நம்பர் 2 என்றால் 6 மில்லிமீட்டர் முடி மிஞ்சும். வகிடு எந்தப் பக்கம், கிருதா எதுவரை என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வகிடு தானாக எந்தப் பக்கம் விழுகிறதோ அதுவே சரி. சுழியோடு சண்டை போட்டு ஜெயித்தவர் யாருமில்லை.

அளவும் முக்கியம். ஓர வகிட்டுக்கு மேலே இரண்டரை, மூன்று அங்குலம் போதும். பாம்படோருக்கு முன்பக்கம் நாலு அங்குலமாவது வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய அரை அங்குலம்தான் வளரும். இரண்டு அங்குல முடியை வைத்துக்கொண்டு அடுத்த வாரக் கல்யாணத்துக்குப் பாம்படோர் கேட்டால் கிடைக்காது. நாலு மாதம் காத்திருக்க வேண்டும். கல்யாண மாப்பிள்ளைகள் புது ஸ்டைலை ஒரு மாதத்துக்கு முன்பே வெட்டிப் பார்த்துவிடுவது நல்லது. சரியில்லை என்றால் திருத்த நாள் இருக்கும். ஆல்பத்தில் ஏறிவிட்டால் திருத்த முடியாது.

இனி தினசரி வேலை. தேங்காய் எண்ணெய் தேய்த்த தலையில் பொமேட் நிற்காது. குளித்துத் துவட்டிய பின் லேசான ஈரம் இருக்கும்போதே வகிடு எடுத்துவிடுங்கள். பாம்படோர் என்றால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில், முன்முடியை வேரிலிருந்து தூக்கிப் பின்னால் வாரிக் காயவையுங்கள். பாதி ஸ்டைல் இங்கேயே முடிந்துவிடும். கடைசியில் பட்டாணி அளவு பொமேட்டை உள்ளங்கையில் தேய்த்து இளக்கி, வேர் முதல் நுனி வரை தடவிச் சீவினால் போதும்.

எந்தப் பொமேட்? 1928-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த பிரில்கிரீமைத் தாத்தாவே பயன்படுத்தியிருப்பார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையினருக்கு ‘பிரில்கிரீம் பாய்ஸ்’ என்று பட்டப்பெயரே உண்டு. இன்று எண்ணெய்ப் பொமேட், தண்ணீர்ப் பொமேட் என இரண்டு வகை கிடைக்கிறது. எண்ணெய் வகை பளபளக்கும்; ஆனால் ஒரு ஷாம்புவில் போகாது. வெயிலில் வியர்வையோடு நெற்றியில் வழிந்து பருக்களையும் கிளப்பிவிடும். தண்ணீர் வகை சுலபமாகக் கழுவப்படும். எதுவானாலும் இரவு படுக்கும் முன் அலசிவிடுங்கள். தினமும் பைக்கில் போகிறவர்களுக்குப் பாம்படோர் சரிவராது. ஹெல்மெட் அதை முதல் சிக்னலுக்குள் அமுக்கிவிடும். அவர்களுக்கு ஓர வகிடும் சட்டைப்பையில் ஒரு சீப்பும்தான் கைகொடுக்கும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூச்சப்படவே கூடாது. பிடரியிலும் கிருதாவிலும் கத்தி வைப்பதற்கு முன், புது பிளேடை உங்கள் கண்ணெதிரே மாற்றச் சொல்லுங்கள். பழைய பிளேடில் ஒட்டியிருக்கும் ரத்தம் மஞ்சள் காமாலைக் கிருமியைக்கூட அடுத்தவருக்குக் கொண்டுசேர்க்கும்.

தாத்தா இருக்கிற வீடு என்றால், சலூனுக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தப் பக்கம் வகிடு எடுத்தார், எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டினார், சுழியை எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள். எந்த வீடியோவிலும் கிடைக்காத விவரம் அவரிடம் இருக்கும். திரும்பி வந்ததும், வெட்டு நன்றாக அமைந்திருந்தால் முன்னால், பக்கவாட்டில், பின்னால் என மூன்று படங்கள் எடுத்து வையுங்கள். அடுத்த முறை சலூனில் காட்ட உதவும். ஒரு படத்தைப் பிரின்ட் போட்டு ஆல்பத்திலும் செருகுங்கள். உங்கள் பேரனும் ஒருநாள் சலூனுக்குப் போவான்.