காந்தமில்லாக் கோள்கள்

கடவுளின் படைப்புத் திறத்தை விளக்கப் புகும் நம் சொற்பொழிவாளர் சிலர் ஒரு சான்றினைப் பெரிதும் கையாளுகின்றனர். பூமியைச் சூழ ஒரு காந்தக் கவசம் அமைந்துள்ளது. ஞாயிற்றினின்றும் ஓயாது வீசும் மின்துகட் காற்றைத் தடுத்து அது நம் வளிமண்டலத்தைக் காக்கின்றது. செவ்வாய்க்கு அக்கவசம் இன்மையால் அது தன் காற்றையும் நீரையும் இழந்து பாழாயிற்று. ஆகவே கடவுள் இதனை நமக்கென்றே அருளினார் என்பதற்கு வேறு சான்று வேண்டா என்பர். செவிக்கினிய இவ்வுரை ஆராய்ச்சிக்கு முன் நிற்குமோ? நில்லாது என்பதே என் துணிபு. கிறிஸ்தவனாகிய யான் இங்ஙனம் கூறுவது விசுவாசத்தைக் குலைத்தற்கன்று. அதனை வலியற்ற தூணின்மேல் நிறுத்தலாகாது என்னும் கவலையினாலேயாம்.

ஒரு கோளுக்குக் காந்தம் எங்ஙனம் உண்டாகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். பூமியே ஒரு பெருங்காந்தம் என்று 1600-ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் எழுதினார். எனினும் பூமியின் நடுவே காந்தக்கட்டி ஒன்று கிடக்கின்றது எனக் கொள்ளல் இயலாது. இரும்பு ஏறக்குறைய 770 பாகை வெப்பத்தில் தன் காந்தத்தன்மையை இழந்துவிடும். பூமியின் நடுவிலோ வெப்பம் 5,000 பாகைக்கு மேற்பட்டது. நம் காலடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்திற்குக் கீழே உருகிய இரும்பு கடல்போற் கிடக்கின்றது. வெப்பமிக்க பகுதி மேலெழவும், ஆறிய பகுதி கீழிறங்கவும், பூமியின் சுழற்சி அவ்வோட்டத்தை முறுக்கி ஒழுங்குபடுத்தவும், மின்னோட்டமும் அதன்வழிக் காந்தமும் பிறக்கின்றன. எனவே வேண்டுவன மூன்று: மின்சாரத்தைக் கடத்தும் நீர்மம், அதன் இடையறா ஓட்டம், கோளின் சுழற்சி.

செவ்வாய்க்கு இவற்றுள் எது குறைந்தது? அதன் உள்ளம் குளிர்ந்து இறுகிவிட்டது என்பது பலர் கூற்று. அஃது உண்மையன்று. 2018-ஆம் ஆண்டில் அங்கிறங்கிய இன்சைட் கலம் நில அதிர்வு அலைகளை அளந்தது. செவ்வாயின் மையக்கரு சுமார் 1,830 கிலோமீட்டர் ஆரமுடையதென்றும், உருகிய நிலையில் உள்ளதென்றும் அவ்வளவைகளைக் கொண்டு 2021-இல் அறிஞர் வெளியிட்டனர். நீர்மம் உண்டு, சுழற்சியும் ஏறக்குறைய நம் நாளளவே. இல்லாதது ஓட்டமே. உலைப்பானையின் அடியும் மேலும் ஒத்த சூடாயின் நீர் புரளாதவாறு போல, மையத்தின் வெப்பம் விரைந்து வெளியேறாவிடின் உருகிய இரும்பும் அசையாது கிடக்கும். பண்டு அங்கே ஓட்டம் இருந்தது. 1997-இல் செவ்வாயை அடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் அதன் தென்பகுதிப் பழம்பாறைகளிற் கண்ட காந்தப்பதிவுகளே அதற்குச் சான்று.

வெள்ளியோ பருமனில் பூமிக்கு உடன்பிறப்பு. 1962-இல் அதனை அணுகிச் சென்ற மாரினர் 2 அங்குக் காந்தம் காணவில்லை. ஒருமுறை தன்னைச் சுற்ற 243 நாள் கொள்ளும் மந்தகதி இதற்குக் காரணம் எனின், அஃதொன்றே போதாது. பூமியின் மேலோடு துண்டுகளாய்ப் பிரிந்து உள்ளே அமிழ்ந்து உள்வெப்பத்தை விரைந்து வெளியேற்றுவது போல் வெள்ளியில் நிகழ்வதில்லை. ஆதலின் அதன் மையமும் ஓட்டம் எழுமளவு ஆறவில்லை என்பது அறிஞர் பலர் கருத்து.

இனி நம் வாதத்திற்கு வருவோம். காந்தமற்ற வெள்ளிக்குக் காற்றும் இல்லையோ? அதன் தரையில் வளியழுத்தம் நம்மதைப்போல் சுமார் 90 மடங்கு! சனியின் துணைக்கோளாகிய டைட்டனுக்குத் தனக்கென ஒரு காந்தமில்லை. ஆயினும் நம்மினும் அடர்ந்த காற்றுண்டு. வியாழனின் துணைக்கோளாகிய கானிமீடு காந்தமுடையது என்பதைக் கலிலியோ கலம் 1996-இல் கண்டது. அங்கே உயிர்க்கத்தக்க காற்று இல்லை. புதனும் காந்தமுடையதே, காற்றோ இல்லை.

தமிழ் பயிலும் மாணவன் இதனைப் பிறிதொரு வழியாலும் அறிவான். மணிமேகலையின் 29-ஆம் காதை ஏதுப்போலிகளை வகுக்குமிடத்து அநைகாந்திகம் என்பதொன்றைக் கூறும். சாதிக்க வேண்டிய பொருள் உள்ள இடத்தும் இல்லாத இடத்தும் ஒருங்கே காணப்படும் ஏது அது. காந்தமின்மை காற்றற்ற திங்களிலும் உண்டு. காற்று மிக்க வெள்ளியிலும் உண்டு. இத்தகைய ஏதுவைக் கொண்டு முடிவு கூறுதல் யாங்ஙனம்?

செவ்வாயின் காற்று விண்ணில் கசிந்தோடுவதை 2014 முதல் மேவன் கலம் அளந்ததன்றோ என்பார்க்கு, ஆம் என்பேன். ஆயினும் செவ்வாய் சிறியது; அதன் ஈர்ப்பு நம்மதில் நூற்றுக்கு 38 பங்கே; காற்றைப் பற்றி நிறுத்தும் வலி அதற்குக் குறைவு. பூமியும் தன் காந்தத் துருவங்களின் வழியே ஓரளவு வாயுவை இழந்தே வருகின்றது. நம் காந்தம் இறுதியாகத் திசைமாறியது சுமார் 7,80,000 ஆண்டுகட்கு முன்னர். அத்தகைய மாற்றத்தின்போது அது மிகவும் மெலியும். ஆயினும் உயிர்கள் மாய்ந்தொழியவில்லை. காந்தத்தாற் பயனில்லை என்பதன்று என் கருத்து. விண்துகள்கள் பலவற்றை அது விலக்குவது மெய்யே. பல காரணங்கள் கூடி விளைத்த ஒன்றனை ஒரு காரணத்தின் தலையில் ஏற்றலாகாது என்பதே.

இதனால் விளையும் கேடு யாது? இன்று செவ்வாயைக் காட்டிக் கடவுள் உண்டென்று ஓர் இளைஞனுக்குக் கற்பிக்கின்றோம். நாளை விஞ்ஞான வகுப்பில் அவன் வெள்ளியைப் பற்றிக் கற்பான். அன்று அவன் பிழைபட்ட வாதத்தை மட்டும் விடுவானோ, அதனோடு கட்டிவைத்த விசுவாசத்தையும் சேர்த்து விடுவானோ? வானநூல் அறிந்த அவிசுவாசியின் முன்னே கிறிஸ்தவன் அதனை அறியாது பேசி, வேதத்தையும் நகைப்புக்கு இடமாக்கலாகாது என்று அகஸ்டீன் அத்தியட்சர் எச்சரித்துப் பதினாறு நூற்றாண்டுகள் ஆயின. அவ்வெச்சரிக்கை இன்றும் நம் பிரசங்க பீடங்களுக்கு வேண்டுவதாயிருக்கின்றது.

துதி வேறு, நிரூபணம் வேறு. உருகிய இரும்பின் ஓட்டம் காந்தமாய் மலர்ந்து, நடுக்கடலில் மாலுமியின் ஊசிக்கு வடதிசை காட்டுவதை எண்ணிக் கடவுளைத் துதிப்போம், அதற்குத் தடையில்லை. ஆனால் அவருக்கு வழக்கறிஞராய் நின்று பொய்ச்சாட்சி தேடுதல் நமக்கு வேண்டா. மெய்யான தேவனுக்கு மெய்யல்லாத சான்று தேவையில்லை.