பைன் ஊசிகளும் பூட்டிய வீடுகளும்

உத்தராகண்ட் மலைகள் எரியும் ஒவ்வொரு கோடையிலும் நாளிதழ்கள் இரண்டு காரணங்களைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஒன்று வெயில், மற்றொன்று அணையாத பீடியை வீசிய கிராமத்தான். இரண்டும் பொய்யல்ல. ஆயினும் அந்தக் கிராமத்தானுக்கும் காட்டுக்கும் இடையிலான உறவு எப்போது முறிந்தது என்று எவரும் கேட்பதில்லை.

1911க்கும் 1917க்கும் இடையில் குமாவுன் காடுகளின் பெரும்பகுதி பிரிட்டிஷ் அரசின் காப்புக்காடாயிற்று. மேய்ச்சலுக்கும் விறகுக்கும் கட்டுப்பாடுகள் வந்தன. புதுப்புல் தளிர்க்கவேண்டித் தரையை எரித்துவந்த பழைய வழக்கம் குற்றமாக்கப்பட்டது. (தினைப்புனத்துக்காகக் காடு எரிக்கப்படும் குறிஞ்சித் திணையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிற எனக்கு, தீயும் ஓர் உழவுக்கருவி என்பது வியப்பளிக்கவில்லை.) 1921 ஜனவரியில் பாகேஷ்வரில் திரண்ட மக்கள், கட்டாய உழைப்புக்கான பதிவேடுகளைச் சரயு நதியில் வீசினார்கள். அந்தக் கோடையில் காடுகள் பற்றி எரிந்தன. எரிந்தவை பெரும்பாலும், அரசு பிசினும் மரமும் எடுத்த சிர் பைன் காடுகள். மாட்டுக்குத் தழையும் வயலுக்கு எருவும் தந்த ஓக் காடுகள் பெரிதும் தப்பின என்பதை ராமச்சந்திர குஹா தம் நூலில் சுட்டிக்காட்டுகிறார். அன்றைய தீ எதை எரிப்பது, எதை விடுவது என்று அறிந்திருந்தது.

இன்றைய தீக்கு அந்த அறிவு இல்லை. கோடையில் பைன் ஊசிகள் உதிர்ந்து மெத்தையாகப் படிகின்றன, பிரூல் என்பார்கள். பிசின் ஊறிய அது சிறு பொறிக்கே பற்றிக்கொள்ளும். முன்பு மாட்டுக்கொட்டிலில் பரப்பவென்று பெண்கள் அதை வாரிச் சென்றார்கள். இப்போது கொட்டிலும் இல்லை, மாடும் இல்லை. 2011க்குப் பின் 734 ஊர்கள் ஆளற்றுப் போயின என்று அம்மாநிலத்தின் புலம்பெயர்வு ஆணையம் 2018இல் கணக்குச் சொன்னது. தரிசாகிவிட்ட படிக்கட்டு வயல்களில் புதர் ஏறுகிறது. காட்டுத்தீயை ஊரெல்லையில் தடுத்து நிறுத்திய உழுத நிலம் இன்று தானே எரிபொருள். எரிவாயு அடுப்பு வந்ததால் சுள்ளி பொறுக்குவதும் குறைந்தது. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. விறகுச்சுமையோடு செங்குத்துச் சரிவில் இறங்கிய பெண்ணின் முதுகைப் பற்றி நாம் கவலைப்பட்டதில்லை.

கிலோவுக்கு 50 ரூபாய் கொடுத்து பிரூல் வாங்குவதாக 2024 மே மாதம் மாநில அரசு அறிவித்தது. நல்ல எண்ணம்தான். ஆனால் குனிந்து வாருவதற்கு ஊரில் யார் இருக்கிறார்கள்? படித்த பிள்ளைகள் டேராடூனிலும் டில்லியிலும் இருக்கிறார்கள். காட்டின்மீது உரிமையும் அதிலிருந்து வருமானமும் இருந்திருந்தால் சிலராவது தங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன். உரிமையைப் பறித்துக்கொண்டு, நூறாண்டு கழித்துக் கூலிக்கு அழைக்கிறோம்.

அறிவிப்பு வந்த மறுமாதம், ஜூன் 13 அன்று, அல்மோரா மாவட்டத்தின் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கப் போனவர்களில் நான்கு பேர் அங்கேயே கருகி இறந்தார்கள். அவர்களில் ஒருவர் தீக்காவலர், இன்னொருவர் தினக்கூலி.